சென்சஸ் ஷீட்டில் மைல்கல் நட்ட வேலை

2011 சென்சஸின் ‘பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்’, அதாவது ஊர்வாரியான அடிப்படை எண்ணிக்கைகளின் தொகுப்பு, தமிழ்நாட்டுக்கான அந்த எக்செல் கோப்பைத் திறந்தவர்களுக்குத் தெரியும், அதில் மொத்தம் 94 செங்குத்துப் பத்திகள். முதல் 9 அடையாளத்துக்கு: மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர், வார்டு முதலான குறியீடுகள், பிறகு அந்த வரிசை எந்த மட்டத்தைச் சேர்ந்தது, பெயர் என்ன, மொத்தமா கிராமமா நகரமா என்பது. மீதி 85-ம் எண்கள். கீழ்ப்பக்கம் போனால் மாநிலம், 32 மாவட்டங்கள், அவற்றின் வட்டங்கள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள், நகரங்கள், நகர வார்டுகள் எல்லாம் ஒரே ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

நண்பர் ஒருவர் டெல்டா வட்டங்களில் விவசாயக் கூலித் தொழிலாளர் எண்ணிக்கையைக் கிராமவாரியாக எடுத்துக்கொண்டிருந்தார். மவுஸ் சக்கரத்தை உருட்டியே விரல் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, “நாலு ஷார்ட்கட் சொல்லுங்க, போதும்” என்றார். நாலு என்ன, பத்து சொல்லலாம். ஆனால் இந்தக் கோப்பில் அவை வேலை செய்யாது. எக்செல்லில் வேகமாக நகர்வதற்கான ஷார்ட்கட்டுகளில் முக்கியமானவை காலி செல்களைப் பார்த்துத்தான் எங்கே நிற்பது என்று முடிவுசெய்கின்றன. இந்தக் கோப்பில் காலி செல்லே கிடையாது. ஆகவே ஷார்ட்கட் பழகுவதை ஒத்திவைத்து, ஷீட்டில் முதலில் மைல்கல் நடுவோம் என்று உட்கார்ந்தோம். அந்த வேலையின் பதிவு இது. நான் பயன்படுத்துவது எக்செல் 2016. மற்ற பதிப்புகளிலும் அடிப்படை ஒன்றுதான்.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினால் என்ன நடக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிற்கும் செல்லும் அதற்கு அடுத்த செல்லும் நிரம்பியிருந்தால், தொடர்ச்சி அறுபடும் இடம்வரை ஓடி, கடைசி நிரம்பிய செல்லில் நிற்கும். அடுத்த செல் காலியாக இருந்தால், அடுத்து எங்கே ஏதாவது இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். எதுவுமே இல்லையென்றால் ஷீட்டின் அடிமட்டம், அதாவது 10,48,576-வது வரிசை. சென்சஸ்காரர்கள் கிராமம் அல்லாத வரிசைகளில்கூட ஊர்க் குறியீட்டைக் காலியாக விடாமல் ஆறு பூஜ்யம் போட்டுவைத்திருக்கிறார்கள். கணினிக்கு நல்ல பழக்கம். நமக்கு என்னவென்றால், திருவள்ளூரில் கன்ட்ரோலோடு கீழ் அம்பு தட்டினால் நேராகக் கோப்பின் கடைசிக்குப் போய்விடுவோம். நடுவில் தஞ்சாவூர் என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே தெரியாது.

கடைசிக்குப் போனதில் ஒரு பயன் உண்டு: எத்தனை வரிசை வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய கோப்பு யார் கொடுத்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். கடைசி வரிசையின் எண் சரியாக 65,536 என்று இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவம் அத்தனை வரிசையைத்தான் தாங்கும், மிச்சம் ஓசையில்லாமல் வெட்டுப்பட்டிருக்கலாம். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் நோயாளிகளைத் தினசரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டது இந்தப் பழைய வடிவத்தின் வரம்பு இடித்ததால்தான். எங்கள் கோப்பு தப்பித்தது. மாநில மொத்த வரிசையில் மக்கள்தொகை 7,21,47,030 என்று இருப்பதையும் பார்த்துக்கொண்டோம்.

இனி மைல்கல்.

இடதுபக்க ஓரத்தில் இரண்டு புதிய பத்திகளைச் சேர்த்தோம். முதலாவதில் மாவட்டப் பெயர் மட்டும், அதுவும் அந்த மாவட்டம் தொடங்கும் ஒரே ஒரு வரிசையில் மட்டும் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் காலி. இரண்டாவதில் அதேபோல வட்டப் பெயர். அப்படி இருந்தால் முதல் பத்தியில் கன்ட்ரோலோடு கீழ் அம்பு தட்டத் தட்ட மாவட்டம் மாவட்டமாகத் தாவும், இரண்டாவதில் வட்டம் வட்டமாக.

இதற்கு எல்லோரும் முதலில் எழுதும் ஃபார்முலா: மட்டம் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்றும் மொத்தம்/கிராமம்/நகரம் பத்தியில் ‘டோட்டல்’ என்றும் இருந்தால் பெயரைப் போடு, இல்லாவிட்டால் வெறும் மேற்கோள்குறி இரண்டு. பார்க்கக் காலியாகத்தான் இருக்கும், ஆனால் எக்செல்லுக்கு அது காலி அல்ல. ஃபார்முலா உட்கார்ந்திருக்கும் செல், அது எதைக் காட்டினாலும், நிரம்பிய செல்தான். அதை மதிப்பாக மட்டும் ஒட்டிப் பார்த்தாலும் தீராது. நீளம் பூஜ்யமான ஓர் எழுத்துச் சரம் உள்ளே தங்கிவிடும். கண்ணுக்கு வெற்றிடம், அம்புக்குறிக்குச் சுவர்.

அதனால் ‘இல்லாவிட்டால்’ என்ற இடத்தில் வேண்டுமென்றே பிழையை வரவழைத்தோம். ‘என்.ஏ.’ என்ற செயற்கூறு அதற்கென்றே இருக்கிறது. பெயர்ப்பெட்டியில், அதாவது ஃபார்முலா பட்டைக்கு இடதுபக்கம் செல் முகவரி தெரியும் அந்தச் சின்னக் கட்டத்தில், ஏ3 தொடங்கிக் கடைசி வரிசைவரை முகவரி தட்டி என்டர் கொடுத்தால் அத்தனை செல்லும் தேர்வாகிவிடும். இழுக்க வேண்டியதில்லை. ஃபார்முலாவை ஒருமுறை எழுதிக் கன்ட்ரோல் என்டர் கொடுத்தால் எல்லாவற்றிலும் இறங்கும். இப்போது மாவட்டம் தொடங்கும் 32 இடங்களில் பெயர், மற்ற எல்லா இடத்திலும் பிழை. பிறகு எஃப்5 தட்டினால் வரும் ‘கோ டு’ பெட்டி, அதில் ‘ஸ்பெஷல்’, அதில் ‘ஃபார்முலாஸ்’, கீழே இருக்கும் நான்கு டிக்குகளில் ‘எர்ரர்ஸ்’ தவிர மூன்றையும் எடுத்துவிட்டு ஓகே. பிழைகள் மட்டும் மொத்தமாகத் தேர்வாகும். டெலீட். இதுதான் உண்மையான காலி. மிச்சமிருக்கும் 32 ஃபார்முலாக்களையும் அந்தப் பத்தியை நகலெடுத்து மதிப்பாக ஒட்டி நிலைப்படுத்திவிட்டோம். வட்டத்துக்கும் இதே வேலை, ‘சப்-டிஸ்ட்ரிக்ட்’ என்று மாற்றி. ஒப்பிடும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை எக்செல் கண்டுகொள்ளாது. ஆனால் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தால் பொருந்தாது. அதனால் மாவட்டம் 32 வந்ததா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. பத்தியைத் தேர்வுசெய்தால் கீழ்ப்பட்டையிலேயே எண்ணிக்கை தெரியும்; தலைப்பையும் சேர்த்துத்தான் காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தாவ ஆரம்பித்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. மாவட்டங்கள் அகரவரிசையில் இல்லை, சென்சஸ் குறியீட்டு வரிசையில் இருக்கின்றன. 602 திருவள்ளூரில் தொடங்கி 633 திருப்பூரில் முடிகிறது. டெல்டாவுக்கு இது வசதி. நாகப்பட்டினம் 618, திருவாரூர் 619, தஞ்சாவூர் 620 என்று அடுத்தடுத்து வருகின்றன. மயிலாடுதுறையை மாவட்டப் பத்தியில் தேடிப் பயனில்லை, அது மாவட்டமானது 2020-ல். இங்கே நாகப்பட்டினத்துக்குக் கீழே வட்டமாகத்தான் இருக்கும். கள்ளக்குறிச்சி விழுப்புரத்துக்குள், தென்காசி திருநெல்வேலிக்குள். இன்றைய 38 மாவட்ட வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கோப்பில் நடந்தால் வழி தவறும்.

கீழ்நோக்கிய பயணம் இவ்வளவுதான். பக்கவாட்டுதான் உண்மையான தொல்லை, ஏனென்றால் அங்கே பெயரைத் தொலைத்துவிடுவோம். 94 பத்திகளில் 45, ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவர்களைப் பற்றியவை: மொத்தமாக ஒரு தொகுதி, மூன்று முதல் ஆறு மாதம் வேலை கிடைத்தவர்களுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கும் குறைவு என்று இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற என்று பிரிவு; ஒவ்வொரு பிரிவிலும் ஆள், ஆண், பெண். கோப்பில் கிட்டத்தட்ட பாதி. நண்பரின் கேள்விக்கு முதலில் தேவைப்பட்டது பிரதான தொழிலாளர், அதாவது ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை கிடைத்தவர்கள், தொகுதி மட்டும். அந்த 45-ஐயும் தேர்வுசெய்து ஷிஃப்ட், ஆல்ட், வலது அம்பு. பத்தி எழுத்துகளுக்கு மேலே ஒரு கோடும் கூட்டல் கழித்தல் பொத்தானும் வந்தன. மடக்கிவிட்டால் ஒரே தட்டில் பாதி தூரம் காணாமல் போகிறது. பத்திகளை மறைத்துவைப்பதைவிட இது மேல். மறைத்தது நாளடைவில் மறந்துபோகும், பொத்தான் கண்முன்னே நிற்கும்.

தலைப்புகளின் நீளமும் ஒரு தடை. அடிக்கோடு போட்டு ஒட்டிய பெரிய பெரிய ஆங்கிலச் சுருக்கங்கள். எண் நான்கு இலக்கமே இருந்தாலும் தலைப்புக்காகப் பத்தி அகலமாகிவிடுகிறது. தலைப்பு வரிசையை 90 பாகை திருப்பி நிமிர்த்தி நிறுத்தினோம், பத்தி அகலத்தைக் குறுக்கினோம். ஒரே திரையில் தெரியும் பத்திகள் கணிசமாகக் கூடின. இதைவிட மலிவான வேகம் வேறு இல்லை என்பேன்.

பிறகு மேலேயும் மைல்கல். தலைப்புக்கு மேல் ஒரு வரிசையைச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதியின் முதல் பத்தியில் மட்டும் தமிழில் ஒரு சொல் எழுதினோம்: மக்கள்தொகை, குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிவு, உழைப்போர், பிரதானம், குறைநாள், வேலையில்லாதோர். இடையில் எல்லாம் காலி. அந்த வரிசையில் கன்ட்ரோலோடு வலது அம்பு தட்டினால் தொகுதி தொகுதியாகத் தாவும். தொகுதிகளுக்கு நடுவே காலிப் பத்தி விட்டால் போதாதா என்று நண்பர் கேட்டார். தாவுவதற்குப் போதும், ஆனால் தரவு துண்டு துண்டாகிவிடும். வகைப்படுத்தும்போது ஒரு துண்டு மட்டும் வரிசை மாறி, ஒரு கிராமத்தின் பெயருக்கு நேரே இன்னொரு கிராமத்தின் எண் வந்து உட்காரும் ஆபத்து உண்டு. தரவுக்குள் காலிப் பத்தி வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

உறையவைத்தல், அதாவது உருட்டினாலும் சில வரிசைகளையும் பத்திகளையும் நகராமல் நிறுத்தும் ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’, எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே அதன் இன்னொரு பயனுக்காகத்தான் முக்கியம். குறியீட்டுப் பத்திகளை ஒரு குழுவாக மடக்கிவிட்டு, மேலே இரண்டு வரிசைகளையும் இடதுபக்கம் மைல்கல் பத்திகளில் தொடங்கிப் பெயர், மொத்தம்/கிராமம்/நகரம் வரையும் உறையவைத்தோம். இப்போது கும்பகோணம் வட்டத்தின் நடுவில் ஏதோ ஒரு கிராமத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எழுத்தறிவுத் தொகுதிக்குப் போக வேண்டும். முதல் வரிசை எப்போதும் திரையில் இருப்பதால், அங்கே ஏறி வலப்பக்கம் தாவினால் ஷீட் பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது. கும்பகோணம் கிராமங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முதல் பத்தியில் மாவட்டம் மாவட்டமாக இறங்கினால் ஷீட் கீழே மட்டும் நகர்கிறது. எழுத்தறிவு கண்முன்னே நிற்கிறது. பெயர்ப்பெட்டியில் ஒரு முகவரியைத் தட்டித் தாவும்போது கிடைக்காத வசதி இது. அதில் பத்தி கிடைக்கும், வரிசை போய்விடும்.

மேலே ஏறுவதற்குக் கன்ட்ரோலோடு மேல் அம்பு தட்டினால் பெரும்பாலும் தலைப்பு வரிசையில் நிற்கும். இன்னொரு மேல் அம்பு வேண்டும். கன்ட்ரோல் ஹோம் அங்கே கொண்டுபோகாது. உறையவைத்த ஷீட்டில் அது உறையாத பகுதியின் இடது மேல் மூலைக்குத்தான் போகும். உறையவைக்கும் முன் ஷீட் உச்சியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி உருட்டிய நிலையில் உறையவைத்தால், மேலே மறைந்திருக்கும் வரிசைகள் உறையை நீக்கும்வரை எட்டாது. உறைந்த பகுதி அகலமாகிவிட்டாலும் அவதிதான். சின்ன மடிக்கணினியில் முக்கால் திரை உறைந்து, கால் திரையில் ஒரே ஒரு பத்தி மட்டும் நகரும். குறியீடுகளை மடக்கியது அதற்காகத்தான்.

தேடலைப் பற்றிக் கொஞ்சம். டெல்டாவில் ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு. கன்ட்ரோல் எஃப் அடித்து ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’டை அழுத்திக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. பெயர்ப் பத்தியை முதலில் தேர்வுசெய்துவிட்டு ‘ஃபைண்ட் ஆல்’ கொடுத்தால் எல்லாம் பட்டியலாக வரும். எந்த வரியைச் சொடுக்கினாலும் அங்கே போகும், பெட்டி மூடாமலே இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் நாம் நினைப்பதுபோல இருக்காது. ‘திரு’வில் ‘எச்’ உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, சந்தேகமான இடத்தில் நட்சத்திரக்குறி போட்டுவிடலாம். பெட்டியை மூடிவிட்ட பிறகு ஷிஃப்ட் எஃப்4 அடுத்த பொருத்தத்துக்கு நகர்த்தும்.

அடிக்கடி திரும்பி வர வேண்டிய சில இடங்களுக்குப் பெயர் வைத்தோம். செல்களைத் தேர்வுசெய்து பெயர்ப்பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி என்டர். தஞ்சாவூருக்கு ஆங்கிலத்தில் ‘டி.என்.ஜே.’ (TNJ) என்று மூன்றெழுத்து வைக்கலாம். அதன்பின் 1 என்று சேர்த்தால் எக்செல் பெயராக ஏற்காது, எங்கோ தூரத்தில் ஒரு செல்லுக்குக் கொண்டுபோய்விடும். 2007-ல் பத்திகள் 256-லிருந்து 16,384 ஆனபோது கடைசிப் பத்தியின் பெயர் ‘எக்ஸ்.எஃப்.டி.’ (XFD) ஆயிற்று. அதற்கு முன்னால் வரும் எந்த மூன்றெழுத்தோடும் எண் சேர்ந்தால் அது செல் முகவரி. பெயர் வைத்தபின் திரையை 39 விழுக்காட்டுக்குச் சுருக்கினால், பெயருள்ள பகுதிகளின்மேல் அந்தப் பெயர்கள் பெரிதாகத் தெரியும். வானத்திலிருந்து வரைபடம் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி எக்செல்லில் நான் பார்த்ததில்லை.

எஃப்5 வழியாக ஓர் இடத்துக்குத் தாவினால், மறுபடி எஃப்5 அழுத்தி வெறும் என்டர் கொடுத்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். இரண்டு கிராமங்களை மாறி மாறிப் பார்க்க இது போதும். ‘போ’ என்பதற்கு எஃப்5 என்ற வழக்கம் 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 காலத்தது. என்ட் விசையை ஒருமுறை தட்டிவிட்டு, பிறகு அம்பு தட்டித் தாவும் முறையும் அங்கிருந்துதான். கன்ட்ரோலை அழுத்திப்பிடிக்க இரண்டாவது கை ஓய்வாக இல்லாதபோது, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே இதைச் செய்யலாம்.

வடிகட்டியில்தான், அதாவது ‘ஃபில்டர்’ போட்டபோதுதான், எங்கள் மைல்கல் ஒருமுறை மொத்தமாகக் காணாமல் போயிற்று. நண்பர் மட்டத்தில் ‘வில்லேஜ்’ மட்டும் டிக் செய்தார். மாவட்ட, வட்ட வரிசைகள் மறைந்தன, அவற்றில் நட்ட பெயர்களும்தான். முதல் பத்தியில் கன்ட்ரோலோடு கீழ் அம்பு தட்டியதும் 10,48,576-வது வரிசை. தீர்வு எளிது: கிராமத்தோடு மாவட்டம், வட்டம் இரண்டையும் சேர்த்து டிக் செய்ய வேண்டும். நகரமும் வார்டும் மட்டும் வெளியே. வடிகட்டிப் பட்டியலை மவுஸ் இல்லாமல் திறக்க, தலைப்புச் செல்லில் நின்று ஆல்ட் கீழ் அம்பு. வடிகட்டியதை நகலெடுக்கும் முன் ஆல்ட்டும் அரைப்புள்ளியும் சேர்த்துத் தட்டினால், கண்ணுக்குத் தெரியும் செல்கள் மட்டும் தேர்வாகும்.

வகைப்படுத்தினாலும் மைல்கல் கலையும், ஏனென்றால் அவை தங்கள் வரிசையோடு சேர்ந்து இடம்பெயரும். கூலித் தொழிலாளர் எண்ணிக்கையை இறங்குமுகமாக அடுக்கிப் பார்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப, வலது ஓரத்தில் தொடர் எண் பத்தி ஒன்றைச் சேர்த்தோம். நிலையான எண்களாக, ஃபார்முலாவாக அல்ல.

கன்ட்ரோல் டி (T) அடித்து எல்லாவற்றையும் ‘டேபிள்’ ஆக்கிவிடலாமே என்று கேட்பார்கள். ஆக்கலாம், உருட்டும்போது பத்தி எழுத்துகள் இருக்கும் இடத்தில் தலைப்பே வந்து நிற்கும், ஸ்லைசர் என்னும் வடிகட்டிப் பொத்தான்கள் கிடைக்கும். ஆனால் கோப்பில் ஒரே ஒரு டேபிள் இருந்தாலும் ‘கஸ்டம் வியூஸ்’ மங்கிப்போய்விடும். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. எந்தப் பத்திகள் மறைந்திருக்கின்றன, என்ன வடிகட்டியிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு பெயரில் சேமித்துவைக்கும் வசதி அது. ‘கூலி’, ‘எழுத்தறிவு’, ‘முழுசு’ என்று மூன்று காட்சிகள் வைத்தோம். ஆல்ட், டபிள்யூ, சி தட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஷீட் அந்தக் கோலத்துக்கு மாறிவிடும். அதற்காக டேபிளை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மாதாமாதம் புதிய வரிசை சேரும் கணக்குப் புத்தகமாக இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். 2011 சென்சஸில் இனி எந்த வரிசையும் சேரப்போவதில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. அம்பு தட்டினால் செல் நகராமல் ஷீட் நகர்கிறது என்றால் ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. விசைப்பலகையில் அந்த விசை இல்லாதவர்கள் விண்டோஸின் திரை விசைப்பலகையைத் திறந்து அணைக்கலாம். உருட்டிக்கொண்டே போய் எங்கே நின்றோம் என்று மறந்தால் கன்ட்ரோல் பேக்ஸ்பேஸ். ஒரு திரை வலப்பக்கம் நகர ஆல்ட் பேஜ் டவுன். கன்ட்ரோல் என்ட் எங்கோ வெட்டவெளியில் கொண்டுபோய் விட்டால், தரவுக்குக் கீழே யாரோ நிறம் தடவியோ எழுதி அழித்தோ வைத்திருக்கிறார்கள். அந்த வெற்று வரிசைகளை முழுதாக டெலீட் செய்து கோப்பைச் சேமித்தால் சரியாகும். வலதுபக்க உருட்டுப்பட்டையும் அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

கோப்பை நண்பரின் கணினியில், எக்செல்லுக்குப் பதிலான இலவச மென்பொருள் லிப்ரேஆபிஸ் கால்க்கில் திறந்து பார்த்தோம். இரு பக்க மைல்கல்லும் அப்படியே வேலை செய்தன, அவை வெறும் செல்கள்தானே. உறையும் குழுக்களும் வந்தன. எஃப்5 மட்டும் அங்கே ‘நேவிகேட்டர்’ பலகையைத் திறக்கிறது. நாம் வைத்த பெயர்களெல்லாம் அதில் பட்டியலாக இருக்கும், இரட்டைச் சொடுக்கினால் போகும். கஸ்டம் வியூஸுக்கு இணையானது அங்கே இல்லை என்பதால் அவருக்கு மட்டும் ‘கூலி’ காட்சியை வைத்தே ஒரு தனிக் கோப்பாகச் சேமித்துக் கொடுத்தேன். திருவாரூர் முடிந்து, தஞ்சாவூரில் திருவிடைமருதூர் வட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்.